தம்பிக்கு, அந்தப் பென்டிரைவைப் பற்றி

கோயம்புத்தூர்,
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. "என்னைத் திருடன் மாதிரி நடத்தறாங்கக்கா" என்று நீ சொன்னது காதிலேயே நின்றது. அதைவிட, பேச்சு முடிகிற நேரத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். டெஸ்பாட்சில் இருக்கிற பையன் ஒரு பென்டிரைவ் தருகிறானாம், அதைச் சொருகிக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அட்மின் பாஸ்வேர்டையே மாற்றிவிடலாமாம். அதைக் கேட்டுத்தான் பயந்துபோனேன். போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்று எழுதுகிறேன். நாளைக் காலை ஆபீசுக்குக் கிளம்பும் முன் முழுக்கப் படித்துவிடு.

அந்தப் பென்டிரைவை வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் திருப்பிக் கொடுத்துவிடு, எந்தக் கம்ப்யூட்டரிலும் சொருகாதே. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கொடுக்கிற பையனுக்கே தெரிந்திருக்காது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கை பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால் அந்த வித்தை பலிக்கப் போவதும் இல்லை. பூட் ஆகிற வரிசையில் கை வைத்ததை அது கண்டுகொண்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத்திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும். அந்த எண் சிஸ்டம் அட்மினிடம் இருக்கும். நீ போய்க் கேட்டாக வேண்டும், ஏன் கேட்கிறாய் என்றும் சொல்லியாக வேண்டும். பிட்லாக்கர் இல்லாமல் வித்தை பலித்துவிட்டாலும் நீ தப்பிக்க முடியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைப் பற்றித்தான் பேசுகிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்ததாகக் காட்டிவிட்டால் 66-ஆவது பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நீ திருட நினைக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இன்னும் புரொபேஷனில் இருக்கிறாய். உன் மனசில் என்ன இருந்தது என்பதை யாரிடம் நிரூபிப்பாய்?

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். ராத்திரி கிளாஸுக்குப் போய் நீயாகப் பைத்தான் கற்றுக்கொண்டாய். மாதாமாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில், சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வரும், 20-ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். நடுவில் இருக்கிற ஆறு நாளில் ஆயிரக்கணக்கான பில்லைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சப்ளையர் ஏற்றாத பில்லுக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டமே சொல்கிறது. கண்ணால் பார்த்துப் பார்த்து டிக் அடிக்கிற அந்த வேலையைப் பத்து நிமிடத்தில் முடிக்க உனக்கு வழி தெரியும். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் கேட்டாய். "கொடுக்க முடியாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோய் டெஸ்க்டாப்பில் வைத்து ஓட்டிப் பார்த்தாய், நிர்வாகி தடுத்திருக்கிறார் என்று திரை சொன்னது. பிரிண்டர் டிரைவருக்குக்கூட ஒரு ஆள் வந்து பாஸ்வேர்டு அடிக்க, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய். அப்படி நிற்கிற அந்த அரை நிமிடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் நின்றிருக்கிறேன். இப்போது பதினாறு வருஷமாகப் பாஸ்வேர்டு அடிக்கிற பக்கம் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்பதால் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2009 ஜனவரி. ஒரு நூற்பாலை ஆபீசில் எனக்கு இரண்டாவது வேலை. நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர், எல்லாமே விண்டோஸ் எக்ஸ்பி. அந்தக் காலத்தில் எக்ஸ்பியைப் போட்டதும் உருவாகிற முதல் கணக்கே அட்மின் கணக்காகத்தான் இருக்கும். அங்கே ஓடின பழைய கணக்கு சாஃப்ட்வேருக்கும் அட்மின் உரிமை இல்லாவிட்டால் நகராது. அதனால் எல்லோரையும் அட்மினாகவே விட்டிருந்தேன். போதாததற்கு நாற்பத்திரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு, அதுவும் யார் வேண்டுமானாலும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு. ஞாபகம் வைக்கச் சுலபம் என்று நான்தான் வைத்தேன். மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே ஒரு அவசரத் திருத்தம் வெளியிட்டிருந்தது. வேலை நேரத்தில் எல்லாரையும் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் திட்டுவார்களே என்று அதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு காலையில் போனேன், யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. ஒவ்வொருவர் கணக்காகப் பூட்டிக்கொண்டு வந்தது. திறந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளம் எதுவும் திறக்கவில்லை. கான்ஃபிக்கர் என்ற புழு. எடைமேடைக் கம்ப்யூட்டரில் யாரோ சொருகிய பென்டிரைவிலிருந்து உள்ளே வந்து, தன்னிடம் இருந்த எளிய பாஸ்வேர்டுகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவியிருந்தது. என் பாஸ்வேர்டும் அதே ரகம். ஒரு கம்ப்யூட்டர் திறந்தால் நாற்பத்திரண்டும் திறந்த மாதிரிதான்.

நெட்வொர்க் கேபிள்களை எல்லாம் பிடுங்கிப்போட்டு ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தோம். 7-ஆம் தேதி போட வேண்டிய சம்பளம் 9-ஆம் தேதி சாயந்திரம்தான் போட முடிந்தது. 7-ஆம் தேதி காலையில் நைட் ஷிஃப்ட் முடித்து ஒரு அம்மா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணுங்க, இன்னைக்கு வந்துருங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று கிளார்க் சொன்னார். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, நான் யார் என்றும் அவர்களுக்குத் தெரியாது. நான் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அந்த வாரத்துக்குப் பிறகுதான் நான் கம்ப்யூட்டர்களைப் பூட்ட ஆரம்பித்தேன். அந்த ஆபீசில் இருந்தவர்கள் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை தம்பி. அவர்கள் பெயரில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவர்களுடைய அதிகாரம் போய்ச் சேர்ந்ததுதான் கோளாறு. நீ ஒரு மெயிலில் வந்த இணைப்பைத் திறக்கிறாய் என்று வை. அதற்குள் இருந்து கிளம்புகிற எதுவும் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு நீதான். நீ அட்மின் என்றால் அதுவும் அட்மின். நீ சாதாரண யூசர் என்றால் அதுவும் அவ்வளவுதான். பூட்டியிருப்பது உன் பெயரைப் போட்டுக்கொண்டு வரப்போகிற ஏதோ ஒன்றுக்கு எதிராக. அதனால் முழுப் பாதுகாப்பு வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சாதாரண யூசரின் கையில் எந்தெந்த ஃபைல் இருக்கிறதோ, பொது ஃபோல்டரில் இருப்பது உட்பட, அதையெல்லாம் ஒரு பிணைப்பண வைரஸ் பூட்டிவிடும். ஆனால் அந்த நஷ்டம் பெரும்பாலும் உன் கைக்கு எட்டுகிற தூரத்தோடு நிற்கும். இந்த வேலையில் அதுவே பெரிய விஷயம்.

டெஸ்க்டாப்பில் வைத்த பைத்தான் ஏன் ஓடவில்லை என்று கேட்டாய் அல்லவா? உங்கள் ஆபீசில் ஆப்லாக்கர் போன்ற ஏதோ ஒன்றைப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. அதன் அடிப்படை விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: நீ எழுதக்கூடிய இடத்திலிருந்து எதுவும் ஓடாது, ஓடக்கூடிய இடத்தில் உன்னால் எதுவும் எழுத முடியாது. விண்டோஸ் ஃபோல்டரிலிருந்தும் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்தும் ஓடலாம், அங்கே கை வைக்க அட்மினால்தான் முடியும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பென்டிரைவ் எல்லாம் உன் இடம், அங்கே ஃபைலை வைத்துக்கொள்ளலாம், புரோகிராமை ஓட்ட முடியாது.

அட்மின் உரிமை ஒரே ஒரு கம்ப்யூட்டரில் தவறான ஆளிடம் சிக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 ஜூன் 27 ஒன்று போதும். நாட்பெட்யா என்ற புழு. உக்ரைனில் வரிக் கணக்குப் போடுகிற ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட்டோடு சேர்ந்து வந்தது. ஆமாம், உன்னுடையதைப் போன்ற வேலைக்கான சாஃப்ட்வேர்தான். நுழைந்த கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஏதாவது பெரிய அட்மினின் லாகின் விவரம் கிடக்கிறதா என்று துழாவும். கிடைத்தால் அதையே சாவியாக வைத்துக்கொண்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகும். டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் கம்பெனி 4,000 சர்வரையும் 45,000 கம்ப்யூட்டரையும் பத்தே நாளில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது என்று அதன் தலைவரே அடுத்த ஜனவரியில் டாவோஸில் சொன்னார். மும்பை நவசேவாவில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. யாருக்கு எந்த உரிமை என்பதை வைத்திருக்கிற சர்வர்கள் ஒன்று பாக்கியில்லாமல் அழிந்துவிட்டன என்று நினைத்திருந்தார்கள். கடைசியில் கானா நாட்டு ஆபீசில் ஒன்று மட்டும் உயிரோடு கிடைத்தது. தாக்குதல் நடந்த சமயத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததாம். அந்தக் கரண்ட் கட்டை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் தம்பி, பூட்டுகிறவர்கள் பக்கம் மட்டும் பேசி நிறுத்திக்கொண்டால் உனக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன். எங்கள் தொழிலில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ஒரு கட்டுரை இருக்கிறது. 1975-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதியது. ஒரு வேலைக்கு எவ்வளவு உரிமை வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடு என்ற கொள்கை அதில் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் உன் கம்ப்யூட்டரைப் பூட்டுகிறார்கள். அதே கட்டுரை மொத்தம் எட்டுக் கொள்கைகளைச் சொல்கிறது. எட்டாவதை யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு ஏற்பாடு மனிதர்கள் ஏற்றுக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும், சரியான வழியில் போவது அவர்களுக்கு இயல்பாக வர வேண்டும் என்பது அது. முன்வாசலைத் தட்டினால் யாரும் திறக்காத வீட்டில் பின்சுவர் ஏறிக் குதிப்பார்கள். உனக்குப் பென்டிரைவ் கொடுக்க ஒரு பையன் தயாராக நிற்கிறான் என்றால், உங்கள் ஐ.டி. டிபார்ட்மென்ட் அந்த எட்டாவதில் தோற்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன். காரணம் சொல்லாத மறுப்பு உன்னை அவமானப்படுத்தியது, அவர்கள் பூட்டையும் பலவீனமாக்கியது.

நான் இப்போது வேலை செய்கிற இடத்தில் இதற்காகவே சண்டை போட்டு இரண்டு மாற்றம் கொண்டுவந்தேன். கேட்டவர்களுக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும், முடியாது என்றால் ஏன் என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும். அடுத்தது, நாங்கள் சோதித்து வைத்த சாஃப்ட்வேர்களை யார் வேண்டுமானாலும் தாங்களே போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு பட்டியல் வைத்தோம். பட்டியல் வந்த பிறகு பாஸ்வேர்டு அடிக்க நான் எழுந்து போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கலாம், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்ல மறந்திருக்கலாம். நாளைக்கு முதல் வேலையாக அதைக் கேள்.

14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை 2பி வந்துவிடும், அதற்குள் பைத்தான் கிடைக்காது. அந்த வேலைக்குப் பைத்தானே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எக்செல்லைத் திற, டேட்டா தாவலில் பவர் குவெரி இருக்கிறது. 2016 பதிப்பிலிருந்து எக்செல்லுக்குள்ளேயே வருகிறது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2பி ஃபைலில் மேலே கிடக்கிற தலைப்பு வரிகளை நீக்கிவிட்டு உள்ளே ஏற்று. கொள்முதல் பதிவேட்டையும் ஏற்று. இரண்டிலும் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து ஒரு புதிய நெடுவரிசை செய்துகொள். பிறகு மெர்ஜ். பதிவேட்டை முதலாவதாக வைத்து லெஃப்ட் ஆன்டி என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், நம்மிடம் பில் இருந்தும் சப்ளையர் ஏற்றாதவை மட்டும் தனியாக நிற்கும். அடுத்த மாதம் ஃபைலை மாற்றி ரெஃப்ரெஷ் கொடுத்தால் போதும். பைத்தானில் நீ எழுதிய யோசனையேதான், வேறு சட்டை போட்டிருக்கிறது.

தையல் யூனிட்காரர்களுக்குத் தமிழில் கடிதம் அடிக்க வழியில்லை, இ-கலப்பையும் போட விடவில்லை என்றாய். 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, 11-இலும் உண்டு. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடு. அது உன் கணக்கில் மட்டும் மாறுகிற அமைப்பு, பெரும்பாலும் அட்மின் கேட்காது. ஒருவேளை அதையும் மூடியிருந்தால் தயங்காமல் கேள், அதைக் கொடுக்க மறுக்க ஒரு காரணமும் கிடையாது. பழைய கடிதங்கள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன என்று அந்த எழுத்துருவைத் தேடி அலையாதே, யுனிகோடுக்கு மாற்றிவிடு.

அதற்குப் பிறகும் பைத்தான் வேண்டும் என்றால் முறையாகக் கேட்டு மெயில் எழுது. "பைத்தான் வேண்டும் சார்" என்று வருகிற மெயிலுக்கு மறுப்பு எழுதத்தான் அட்மினின் கை போகும், என் கையும் போகும். காரணம் சொல்கிறேன். ஒரு சாஃப்ட்வேரைப் போட்ட பிறகு அதற்கு வருகிற திருத்தங்களை யார் போடுவது, நீ வேறு வேலைக்குப் போனால் அது யார் தலையில் விழும் என்பதுதான் எங்கள் கவலை. பைத்தானுக்கு இன்னொன்றும் உண்டு. கூடவே இறக்குகிற தொகுப்புகளை யார் வேண்டுமானாலும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றலாம், பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறிய போலிகள் அங்கே வந்திருக்கின்றன. அதனால் எந்தப் பதிப்பு, எங்கிருந்து இறக்குவது, என்னென்ன தொகுப்பு மட்டும் போதும் என்று எழுது. இந்த வேலைக்கு இப்போது எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுது, அந்தக் கணக்கு உன் மேனேஜருக்குப் புரியும். "என் கம்ப்யூட்டரில் வேண்டாம் என்றால் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தாலும் சரி, மூன்று மாதம் கழித்துத் தேவையா என்று பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சேர். மேனேஜருக்கு ஒரு காப்பி போடு. முதலில் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

போன மாதம் பதிவேட்டை உன் ஜிமெயிலுக்கு அனுப்பி ரூமில் லேப்டாப்பில் ஓட்டினதாகச் சொன்னாய். அதை இனிமேல் செய்யாதே, லேப்டாப்பில் இருக்கிற காப்பியையும் அழித்துவிடு. அதில் இருப்பது இருநூறு சப்ளையர்களின் விலை. நம் வீட்டுச் சாமான் கிடையாது.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. உனக்கு ஆபீசில் வேலை அதிகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வந்தால் கறிவேப்பிலைப் பொடி அரைத்து வைப்பதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போன் செய். நான் ஆபீசிலேயே உட்கார்ந்திருக்கிறேன், மெர்ஜ் செய்யும்வரை கூடவே இருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, ஏற்றியதும் இரண்டு ஃபைலிலும் பில் எண் நெடுவரிசையை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிவிடு. எண் என்று விட்டுவிட்டால் 00457 வெறும் 457 ஆகிவிடும், பாதி பில் ஒத்துப்போகாது.

அன்புடன்,
அக்கா